முடியும் மயிரும்

மலேசியாவில், கோத்தா திங்கியில் எங்கள் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர் அவர். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட பாத்தேக் சட்டை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய தமிழ் வேதத்தில் 'மயிர்' என்று வரும் இடமெல்லாம் 'முடி' என்று மாற்றி வாசிப்பார். சபையில் பெண்கள் உட்கார்ந்திருக்க, திட்டுவது போல் ஒலிக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

போன வருடம் அவருடைய மகன் ஒரு கும்பலுக்குப் பயந்து செம்பனைத் தோட்டத்தில் ஒளிந்திருந்தான். அந்த இடத்தைக் கும்பலுக்குச் சொன்னது அவருடைய சொந்தத் தம்பி. பையனை வெட்டிப் போட்டுவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறும் அவரே வாசிக்க எழுந்தார். கூடப்பிறந்தவர்களே உங்களைக் காட்டிக்கொடுப்பார்கள், உங்களில் சிலரைக் கொல்வார்கள் என்று போனது அன்றைய பகுதி. குரல் தடுமாறவில்லை. அதற்கடுத்து, உங்கள் தலையில் ஒரு முடிகூட அழியாது என்கிற வாக்கு. அங்கே எங்களை நிமிர்ந்து பார்த்தார். 'மயிர்' என்றே வாசித்தார், சத்தமாக.

வெளியே கார் பக்கத்தில் கேட்டேன். "அங்கிள், எப்பவும் முடின்னுதானே வாசிப்பீங்க?"

"கொல்லுவாங்கன்னும் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னும் போட்டிருக்கு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல லா. அதையே மாத்தாம வாசிக்கணும்னா, இதை மட்டும் நான் ஏன் மாத்தணும்?"

அன்று அவர் வேதம் வாசித்தாரா, வைதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், நாங்கள் எல்லோரும் அதற்கு ஆமென் சொல்லியிருந்தோம்.