எத்திராஜின் வினைச்சொல்

வண்டியை விட்டு இறங்கியதும் எத்திராஜ் செருப்புக்காலால் மண்ணை இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வரும். "இந்த ஏரியா டெவலப் ஆயிகினே கீது சார்."

செம்பரம்பாக்கம் பக்கம் மனைத் தரகர். டீக்கடை வந்தால் ஏரியா டெவலப் ஆகிவிட்டது. அந்தக் கடையை மூடினாலோ, "பெரிய கடை வர்றதுக்கு எடம் உடுறாங்க." தனக்குச் சர்க்கரை வியாதி வந்ததைக்கூட, "சுகர் டெவலப் ஆயிட்ச்சு" என்றுதான் வீட்டில் சொன்னார். மனைவி மங்களம் மட்டும் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை முதல் ஆவணி வரை மனை காட்டுவார். ஐப்பசி, கார்த்திகையில் போனையே எடுக்கமாட்டார். கேட்டால், "மழையில உங்களுக்கு எதுக்கு சார் செரமம்?" அடேயப்பா, என்ன கரிசனம்!

போன சித்திரையில் சரவணக்குமாரும் அவன் மனைவி அகல்யாவும் வந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை, அவளுக்கு ஏழாம் மாதம். எத்திராஜ் காட்டியதோ இரண்டு வருடமாக விலை போகாத மனை. அது கைமாறினால்தான் மகள் ஜோதிகாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க முடியும். அன்று நிமிடத்துக்கு ஒரு டெவலப் விழுந்தது.

அகல்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செல்போனில் தேடிப் பார்த்து, "அண்ணா, இது பழைய பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தையாம். சுத்தி வெச்சதைப் பிரிக்கிறதுதான் முதல் அர்த்தம். வளர்றதுங்கிறது அப்புறம்தான் வந்துச்சாம்" என்றாள்.

"பாத்தீங்களா மேடம்! மூடிக்கினு இருந்த ஏரியாவ நாங்கதான் பிரிச்சி உட்டோம்," என்றார் எத்திராஜ், கொஞ்சமும் அசராமல்.

சரவணக்குமார் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தான். அகல்யா வயிற்றில் கை வைத்தபடி சுற்றிலும் பார்த்தாள். "அண்ணா, மழைக்கு இங்க தண்ணி எவ்ளோ நிக்கும்?"

பூமிக்குக் கீழே எத்தனை அடியில் தண்ணீர் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். மேலே எத்தனை அடி என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். அப்பா காலத்தில் எத்திராஜ் நாற்று நட்ட வயல் அது. அவருக்குத் தெரியாதா?

"அது வந்து மேடம்... டெவலப்..." என்று ஆரம்பித்தார். பாழாய்ப்போன வாய், அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. ஜோதிகாவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. எதிரே நிற்பவளும் ஒருத்தி பெற்ற மகள்தானே?

கையை முழங்காலுக்கு நேராக வைத்துக் காட்டினார். பிறகு இடுப்புக்கு உயர்த்தினார். கடைசியில், சரவணக்குமாரின் பையையும் பார்க்காமல் அகல்யாவின் முகத்தையும் பார்க்காமல், மார்புக்கு நேரே கொண்டுபோய், அங்கேயே நிறுத்திக்கொண்டார்.