எங்க வீட்டு கூடத்துல ஓடின காஞ்சி ரோடு பஸ்

இன்னிக்கு காலைல காஞ்சி ரோடு பஸ்ல...

(காஞ்சிபுரம் இல்லீங்க. திருவண்ணாமலை பக்கத்துல இருக்கற காஞ்சி. இத சொல்லி சொல்லியே எனக்கு வயசாயிடுச்சு.)

"படியில நிக்காத, உள்ள ஏறி வா"ன்னு கண்டக்டர் தம்பி ஒரு சத்தம் போட்டுச்சு. எனக்கு சிரிப்பு தாங்கல. பக்கத்து சீட்டு அம்மா பயந்துபோய் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிச்சு.

விஷயம் இதுதான்.

எண்பதுகள்ல எங்கப்பா இதே ரூட்ல கண்டக்டர். அவர் குரல் வேலூர் வரைக்கும் கேக்கும்னு கிண்டல் பண்ணுவாங்க.

அப்படிப்பட்டவருக்கு வேலையில இருக்கும்போதே பக்கவாதம் வந்துடுச்சு. கை கால் தேறிடுச்சு, பேச்சு மட்டும் வரல. நாம சொல்றது எல்லாம் புரியுது, அவர் சொல்ல நெனைக்கற வார்த்த வாய்க்கு வரமாட்டேங்குது. மனுஷன் வாசப்படிய தாண்டறதையே விட்டுட்டாரு. கூட வேல செஞ்சவங்க பாக்க வந்தா போர்வைய இழுத்து மூடிக்குவாரு.

வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கறாங்கன்னு கூட்டிட்டுப் போனோம். அம்மா, நான், அண்ணன், அத்தை. (அத்தை எதுக்குன்னு கேக்காதீங்க. அத்தை எல்லாத்துக்கும் வரும்.)

அங்க இருந்த மேடம் அப்பாகிட்ட, "ஐயா, சாப்டீங்களா?"ன்னாங்க.

"இட்லி சாப்டாருங்க"ன்னு அம்மா.

"கம்மியாத்தான் சாப்டாரு"ன்னு அண்ணன்.

"சட்னி வேணாம்னுட்டாரு"ன்னு அத்தை.

மேடம் எங்கள ஒரு பார்வ பாத்தாங்க. "ஐயாவுக்கு மொத மருந்து, நீங்க எல்லாரும் வாய மூடறதுதான். அவர் வார்த்தைய தேடறதுக்கு நேரம் குடுங்க."

எங்க குடும்பத்துக்கு இதுக்கு பதிலா ஆபரேஷன்னு சொல்லியிருந்தாகூட ஒத்துக்கிட்டிருப்போம்.

எந்த வார்த்தையில ஆரம்பிக்கறதுன்னு அடுத்த பஞ்சாயத்து. அம்மாவுக்கு அவர் "அருணாச்சலா"ன்னு சொல்லணும். அண்ணனுக்கு எங்க பேரு வரணும். மேடம் மேஜையில படங்கள பரப்பி, "ஐயா, உங்களுக்கு இன்னா வேணும்?"னு அவரையே கேட்டாங்க. அப்பா தட்டு, கோயில், எல்லாத்தையும் ஒதுக்கிட்டு பஸ் படத்து மேல வெரல வெச்சாரு. எடுக்கவே இல்ல.

"அப்ப பஸ்லயே ஆரம்பிப்போம். வருஷக்கணக்கா வாயில ஊறினது சீக்கிரம் வரும். தெனமும் கொஞ்ச நேரம் போதும், ஜாஸ்தி போனா களச்சுடுவாரு. வீட்ல பழகினதும் நெஜ பஸ்ல ஏத்துங்க"ன்னாங்க.

அன்னிலேருந்து சாயங்காலம் ஆனா எங்க கூடம்தான் காஞ்சி ரோடு பஸ். நாற்காலி, முக்காலி, கவுத்துப் போட்ட அண்டா எல்லாம் சீட்டு. அண்ணன் டிரைவர், மொறம்தான் ஸ்டீரிங். அத்தை ஜன்னல் சீட்டுக்கு சண்ட போடும். அப்பா ஸ்டாப் பேர சொன்னாத்தான் எறங்கலாம்.

மொதல்ல அடி அண்ணாமலை ஸ்டாப்புக்கு நாங்க "அடி..."ன்னு எடுத்துக் குடுப்போம், மீதிய அவர் முடிக்கணும். அப்புறம் சும்மா வாய அசைச்சு மட்டும் காட்டுவோம். கடைசியில அதுவும் கெடையாது. அம்மா முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நாள் வார்த்த வர லேட்டாகி அடுப்புல சோறே தீஞ்சுபோச்சு. யாரும் எறங்கல. (கண்டக்டர் சொல்லலயே.)

அப்புறம் நெஜ பஸ். திருவண்ணாமலையில ஏறினோம். அப்பா தலைய குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. எங்க ஊர் அடி அண்ணாமலை வந்ததும் வண்டி நின்னுச்சு. அவரோட கூட்டாளிதான் கண்டக்டர். ஸ்டாப் பேர அவர் சொல்லாம, விசில அப்பா கையில குடுத்துட்டு நின்னாரு.

"இன்னாப்பா லேட்டு?"ன்னு பின்னாடி சத்தம். அம்மா என் கைய நசுக்குது. அத்தை கண்ண மூடிக்கிச்சு. நாங்க யாரும் வாயே தெறக்கல. அத இப்ப நெனச்சாலும் பெருமையா இருக்கு.

அப்பா எழுந்து நின்னாரு. "அடி... அண்ணா...மலை. எறங்கு."

படியில தொங்கிக்கிட்டிருந்த ஒருத்தன பாத்தாரு. "படியில நிக்காத, உள்ள ஏறி வா."

இத நாங்க பழக்கவே இல்லீங்க. கணீர்னு வந்துச்சு. கூட்டாளி அழுதுட்டாரு, நாங்களும்தான்.

கண்ண தொடச்சுக்கிட்டு எல்லாரும் எறங்கினோம். திரும்பி பாத்தா அப்பா எறங்கல.

"ஏங்க, நம்ம ஊரு வந்துடுச்சு, எறங்குங்க"ன்னு அம்மா கத்துது.

அப்பா விசில வாயில வெச்சு ஒரு ஊது ஊதினாரு. வண்டி கெளம்பிடுச்சு. ஜன்னல் வழியா ஒரே வார்த்த, "காஞ்சி!"

அது சரி, உங்க வீட்ல எல்லாருக்கும் பதிலா பேசற அந்த அத்தை யாருங்க? கமெண்ட்ல சொல்லுங்க.

(எங்க வீட்ல இப்போ அது நான்தானாம்.)