விருந்தாளிக்காக நிரம்பிய தள்ளுவண்டி

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பெண்களுக்கு ஏன் இடுப்புவலி வருகிறது என்று அளந்து சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கையில் அளவுநாடா இருந்தால் எந்த முதலாளியிடமும் நிமிர்ந்து பேசுவேன்.

ஆழமான தள்ளுவண்டியிலிருந்து நூல் பாபின்களை எடுத்து இயந்திரத்தில் மாட்டுவதுதான் அவர்கள் வேலை. காலை முழுக்க அளந்தேன். பாபின்கள் எப்போதும் இடுப்பு உயரத்திலேயே இருந்தன. யாரும் குனியவே இல்லை. இதை அப்படியே எழுதினால், வலி தாங்காமல் வேறு வேலை கேட்டிருந்த சரசாளுக்கு அது கிடைக்காது. ஆனாலும் அளவு அளவுதானே?

நாடாவைச் சுருட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சரசாளின் தலை வண்டிக்குள் மறைந்தது. அடியில் கிடந்த பாபினை எட்டுவதற்காக, விளிம்பில் வயிறு அழுந்தப் பாதி உடம்பு உள்ளே தொங்கியது.

"ஏனுங்க சரசக்கா, காலைல வண்டி நெறஞ்சே இருந்துச்சே?"

அவள் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து சிரித்தாள். "டாக்டரம்மா வந்திருக்கறப்ப வண்டியக் காலியா வெக்கலாமுங்களா? ஆள் மாத்தி ஆள் ரொப்பிக்கிட்டே இருந்தோமுங்க."

டீயைப் பாதியில் வைத்தேன். "இனி ஒருத்தரும் ரொப்பக்கூடாதுங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். சரசாளுக்கு வேறு வேலை கிடைத்தது. வண்டிகளுக்கு ஸ்பிரிங் வைத்த அடித்தட்டு வந்தது. பாபின் குறையக் குறைய அது தானாக மேலே ஏறும்.

இன்றும் எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் டீயைக் குடித்துவிடுகிறேன். அவர்கள் உபசரித்து ஓய்ந்த பிறகுதான் நாடாவை எடுப்பேன்.