பக்கம் திருப்பியவள்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் பிழைப்பில் பாதி பேய்ப் படங்கள். சென்னையிலிருந்து காட்சிகளை அனுப்புவார்கள், கடல் தாண்டி இங்கே தெம்பனிஸில் என் வீட்டு அறையில் உட்கார்ந்து பின்னணி இசை அமைத்து அனுப்புவேன். எந்த இடத்தில் செல்லோ வாத்தியத்தைக் கீழ்ஸ்தாயிக்கு இறக்கினால் வயிற்றைப் பிசையும், எந்த இடத்தில் சத்தத்தை அறவே எடுத்துவிட்டால் முதுகு சில்லிடும் என்பதெல்லாம் எனக்கு வெறும் கணக்கு. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லி முடித்துவிடுகிறேன்.

என் மனைவி ரெஜினா போன வருடம் இறந்தாள். புற்றுநோய். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள், ஆனால் சின்ன வயதிலிருந்தே தேவாலயப் பாடற்குழுவில் இருந்ததால் இசைக்குறிப்பு நன்றாகப் படிப்பாள். நான் மேடையில் பியானோ வாசித்த காலம் முழுவதும் எனக்குப் பக்கம் திருப்பியவள் அவள்தான். வாசிப்பவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாள் முடிகிற நேரம் பார்த்து எழுந்து, கண்ணை மறைக்காமல் அடுத்த தாளைப் புரட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அரை நொடி பிந்தினாலும் வாசிப்பவன் தடுமாறிப் போவான். அவள் பிந்தியதே இல்லை.

பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக ஒரு பெரிய படைப்பை எழுதித் தரும்படி இங்கே ஓர் அரங்கில் கேட்டிருந்தார்கள். அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ரெஜினா படுக்கையில் விழுந்தாள். "வேற யாராச்சும் வாசிச்சாலும் பக்கம் நான்தான் திருப்புவேன்" என்றாள். சரி என்றேன்.

அவள் போனபோது நான் பக்கத்தில் இல்லை. ஒரு படத்துக்கு இசையை முடித்து அனுப்ப வேண்டிய கடைசி நாள் அது. மத்தியானம் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது, "முடிச்சிட்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துடறேன்" என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். ஆறு மணி ஆவதற்குள் அங்கிருந்து தொலைபேசி வந்துவிட்டது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்தப் படைப்புக்கு ஒத்திகை. பியானோ வாசித்தவர் ஹுய் மின் என்ற இளம்பெண், வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். ரெஜினாவை அவர் பார்த்தது கிடையாது. எனக்கு ஒரு மனைவி இருந்தாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மேடைப் பொறுப்பாளர் சேகர் என்னிடம் வந்து, "அண்ணே, பக்கம் திருப்புற பொண்ணு உடம்பு சரியில்லன்னு எம்சி எடுத்துட்டா லா. வேற ஆளுக்குச் சொல்லவா?" என்றார். ஒத்திகைதானே, வேண்டாம் என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியில் யாரும் உட்காராதது எனக்கு ஒரு நிம்மதி.

நான் மேல்மாடத்தில் தனியாக உட்கார்ந்து குறிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் நிமிர்ந்து பார்த்தபோது ஹுய் மின் இடப்பக்கமாக லேசாகத் தலையை அசைத்தார், திருப்பலாம் என்று ஆளுக்குக் காட்டுகிற அசைவு. தாள் புரண்டது. அவருடைய இரண்டு கைகளும் கட்டைகளின் மேல்தான் இருந்தன. நாற்காலி காலியாக இருந்தது. நம்புகிறீர்களோ இல்லையோ, நான் ஏசி காற்று என்றுதான் நினைத்தேன், அப்படி நினைக்கவே விரும்பினேன்.

முடிந்து கீழே இறங்கிப் போனால் ஹுய் மின் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான், தமிழில் சொல்கிறேன். "பக்கம் திருப்பினாங்களே, அந்த ஆன்ட்டி எங்க? நன்றி சொல்லணும். நான் தலையாட்டுறதுக்கு முன்னாடியே கையைத் தயாரா வச்சிருந்தாங்க."

எந்த ஆன்ட்டி என்று கேட்டேன். சேகரைக் கூப்பிட்டேன். "யாரும் மேடை ஏறலையே அண்ணே, நான் ஓரத்துலயேதான் நின்னேன்" என்றார். நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்து ஹுய் மின் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நிகழ்ச்சி நடந்து முடிந்தது, அன்று வேறொரு பையன் வந்து பக்கம் திருப்பினான், நன்றாகவே போனது. ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த வாரம் ஹுய் மின்னை லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் கைப்பேசியை எடுத்து ரெஜினாவின் படத்தைக் காட்டினேன். ஒரு கல்யாணத்தில் எடுத்தது, நீளமான பின்னல், மல்லிகைப்பூ.

வெகுநேரம் பார்த்தார். "இவங்கதான். ஆனா முடி இப்படி இல்ல. ரொம்பக் குட்டை, இப்பத்தான் முளைச்ச மாதிரி."

மருந்தை நிறுத்திய பிறகு கடைசி இரண்டு மாதத்தில் அவளுக்கு முளைத்த முடி அது. அந்தக் கோலத்தில் ஒரு படம்கூட எடுக்க அவள் என்னை விடவில்லை.

பரிமாறுகிற தம்பி வந்து, "அண்ணே, சாப்டீங்களா? இலையை எடுத்துடவா?" என்றார். ஹுய் மின் சட்டென்று நிமிர்ந்தார்.

"இந்தச் சத்தம்தான். கடைசிப் பக்கத்துல பியானோவுக்கு ஓய்வு வருமே, அப்ப அந்த ஆன்ட்டி மேல்மாடத்தைக் காட்டி என்கிட்ட ஏதோ கேட்டாங்க. நான் உங்க தாளம் ஒண்ணோட பேருன்னு நினைச்சேன்."

"சாப்டீங்களான்னு கேட்டாங்களா?"

"இல்ல. சாப், டா, னா. ரெண்டு தடவை."

சாப்பிட்டானா. எனக்கு ஐம்பத்தாறு வயது. அந்த அரங்கில் வேறு எந்தத் தமிழர் என்னைப் பற்றிக் கேட்டாலும் சாப்பிட்டாரா என்றுதான் கேட்பார்கள். ரெஜினாவும் நானும் பதினேழு வயதில் தொடக்கக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒருநாளும் என்னை அவர் என்று சொன்னதில்லை, என் அம்மா எதிரிலும் அவன்தான், அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் புரியல. இல்லைன்னு தலையாட்டினேன். அவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்குள்ள நான் மறுபடி வாசிக்க வேண்டியிருந்துச்சு, அப்புறம் திரும்பிப் பாக்கல."

ஒத்திகை நாளன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடாமல்தான் போயிருந்தேன், அது உண்மை. அந்த 'இல்லை'யை வாங்கிக்கொண்டுதான் அவள் போயிருக்கிறாள். நள்ளிரவில் விழித்துக்கொண்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது, நாற்காலியோ தானாகப் புரண்ட தாளோ இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் படைப்பை மூன்று முறை வாசித்துவிட்டார்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். யாராவது குனிந்து ஏதாவது கேட்டால், புரியாவிட்டாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுங்கள் என்று ஹுய் மின்னிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் ஒவ்வொரு முறையும் முடிந்ததும் என்னைப் பார்ப்பார். இதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.