கிரிஜா வீட்டு வியாழக்கிழமை

"கத்தி அந்த டப்பால இருக்கு, எடுத்துக்கோ. அவல் போஹாவுக்குக் காந்தா நறுக்கணும், பொடியா" என்று ஒரு தட்டு வெங்காயத்தைக் கிருஷ்ணப்ரியாவின் மடியில் வைத்தார் கிரிஜா. அவளோ அந்த வீட்டுக்கே அன்றுதான் முதல்முறை வருகிறாள். வணக்கம்கூட இன்னும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை!

வியாழக்கிழமையானால் புனேவில் ஔந்தின் அந்தப் பக்கத்தில் பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அன்றைக்குக் கிரிஜாவின் இரண்டாம் மாடி வீட்டில் கூடிவிடும். பிள்ளைகள் கீழே விளையாட, பெற்றவர்கள் மேலே உட்கார்ந்து ஏதாவது நறுக்க வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். "கை சும்மா இருந்தா எல்லாரும் அவாவா கொழந்தையப் பத்திப் பெருமை பேச ஆரம்பிச்சுடறா. காந்தா நறுக்கிண்டே பேசினா நிஜம் வந்துடும்" என்பார்.

கிரிஜாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், ஆட்டோக்காரரோடு சண்டை மட்டும் சுத்த மராத்தி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். வங்கி வேலையை விட்டுவிட்டு மகன் ஷ்ரேயஸையும் மகள் தீப்தியையும் வீட்டிலேயே படிக்கவைத்தவர். ஆசிரியர் பட்டமெல்லாம் கிடையாது. எந்தக் குழந்தையிடமும் 'என்ன படிக்கிறே' என்று அவர் கேட்டதில்லை. "இன்னிக்கு என்ன ஒடைச்சே?" என்றுதான் கேட்பார். கிருஷ்ணப்ரியாவோடு வந்திருந்த, புது மனிதர்களைக் கண்டால் வாயே திறக்காத சஹானா, "ரிமோட்டு" என்று பளிச்சென்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிப் போனாள். கிருஷ்ணப்ரியா வாயைப் பிளந்தாள்.

சஹானா அவளுடைய ஒரே மகள், ஒன்பது வயது. கோவையிலிருந்து புனேவுக்கு வந்ததிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தீபாவளியோடு நிறுத்திவிட்டார்கள். கணவன் சபரி கோடை வரைக்கும்தான் என்று கெடு வைத்திருந்தான். துணைக்கு ஆள் தேடிக் கிருஷ்ணப்ரியா ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தாள். நாளைக்கு முந்நூறு செய்தி வந்ததுதான் மிச்சம், தலைதான் சுற்றியது. அதில் யாரோ ஒரு புண்ணியவதி, 'கிரிஜாவைப் போய்ப் பாருங்கள்' என்று நம்பர் கொடுத்தாள்.

"சனிக்கெழமதான் அட்மிஷனுக்குக் கடைசி நாளுங்க்கா. அவரு ஃபாரமே வாங்கி வெச்சுட்டாரு. நானும் டைம்டேபிள் எல்லாம் போட்டு எட்டு பீரியட் நடத்தறேன். நேத்து எங்கிட்டயே, 'மிஸ், பாத்ரூம் போலாமா'ன்னு கேக்கறாளுங்க்கா!" சொல்லும்போதே அழுதுவிட்டாள். வெங்காயம் அதற்குக் காரணமில்லை.

கிரிஜா சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த கண்ணாடி நழுவி விழுந்தது. "அரே, நான் பூஜை மணிய அடிச்சுன்னா பீரியட் மாத்தினேன்! ஸ்கூல் வேண்டாம்னு வெளில வந்துட்டு ஆத்துக்குள்ளயே ஒரு ஸ்கூலக் கட்டி வெச்சேன். இதுல வரவா எல்லாரும் மொதல்ல பண்ற தப்பு இதுதாண்டி."

ஆறு மாதமாகத் தான் ஒருத்திதான் உலகத்திலேயே அசடு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மேற்கொண்டு கிரிஜா உபதேசம் எதுவும் செய்யவில்லை. "நேக்குக் கணக்கு வராது. சுப்ரமணியன் சார்ட்ட போ. ஃபீஸ் வாங்க மாட்டார், லேட்டாப் போனா கதவத் தெறக்க மாட்டார்" என்று ஒரு நம்பரை மட்டும் எழுதித் தந்தார்.

மதியம் இருவரையும் அழைத்துப்போகச் சபரி வந்தான். போஹா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே, "கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பசங்க எப்படிங்க வந்தாங்க?" என்றான்.

"பொண்ணு நன்னா இருக்கா. பையனுக்கு என்னால ஒரு வருஷம் போச்சு. ஓப்பன் ஸ்கூல்ல பத்தாவது எழுத பேர் குடுக்கற கடைசித் தேதிய நான் கோட்டை விட்டுட்டேன். அவன் வயசுப் பசங்கள்லாம் பதினொண்ணாவதுக்கு ஜூனியர் காலேஜ் போறச்சே அவன் ஆத்துல ஒக்காந்திருந்தான்."

கிருஷ்ணப்ரியா சட்டென்று கிரிஜாவைத் திரும்பிப் பார்த்தாள். மனுஷிக்கு இதை இப்போதா சொல்ல வேண்டும்? சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. இனி இவனிடம் என்ன சொல்லித் தடுப்பது?

"அப்பறம் எந்த தைரியத்துலங்க அடுத்தவங்களுக்கு வழி சொல்றீங்க?" சபரியின் குரல் உயர்ந்துவிட்டது. நறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

கிரிஜா கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா பதில் சொல்ல வேண்டியவன் அவன்னா?" என்று போனை எடுத்து, ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலையிலிருந்த மகனைக் கூப்பிட்டார். "ஷ்ரேயஸ், இங்க ஒரு கொழந்தையோட அப்பா பேசறார். நாளன்னிக்குள்ள அவர் முடிவு எடுக்கணும். என்ன கேட்டாலும் நிஜத்தச் சொல்லு. என்னப் பத்திக் கேட்டாலும்தான்."

போனைச் சபரியின் கையில் கொடுத்து, உள்ளறையைக் காட்டினார். அவன் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"தம்பி, உங்கம்மா உங்களுக்குப் பண்ணுனது சரின்னு நெனைக்கறீங்களா?" உள்ளிருந்து தெளிவாகவே கேட்டது. கிருஷ்ணப்ரியா தன்னையறியாமல் கதவோரம் போய்க் காதை வைத்தாள். "அது அவா ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்டி" என்று கிரிஜா அவளுடைய மணிக்கட்டைப் பற்றி, பதில் காதில் விழுவதற்குள் வெளியே இழுத்து வந்து, இரண்டு மாடியும் இறங்கி முடிக்கும்வரை விடவில்லை.