மஞ்சள் பரலில் நல்லெண்ணெய்

மற்றவர்கள் வீட்டில் வைத்திருக்கப் பயப்படுகிற பொருளை வாங்கிக்கொண்டு வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பயந்துகொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். பிரதேச சபையில் கழிவுப் பகுதிக்கு வெளிக்கள உத்தியோகத்தர். ஊரில் 'குப்பை மிஸ்' என்றால்தான் தெரியும். பழைய பூச்சிநாசினி, பற்றரி, உடைந்த மின்குமிழ், காலம் கடந்த மருந்து, காய்ந்த பெயின்ற் தகரம் இவற்றையெல்லாம் சாதாரணக் குப்பையோடு போடக்கூடாது என்று சொல்லி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை தனியாகச் சேகரிக்கிறோம்.

சபைக் கந்தோரில் ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களுக்கும், அங்கே ஒரு நாளாவது வரிசையில் நின்றவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது. நாமெல்லாம் ஒரே வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள்தானே. ஆனாலும் அந்த ஒரு சனிக்கிழமையைச் சொல்லியே ஆகவேண்டும்.

மூன்று சபை, மூன்று நிறம்

இந்த வேலையை ஒரு சபை தனியே செய்ய முடியாது. எங்களிடம் பூட்டுப் போட்ட களஞ்சிய அறை இருக்கிறது, உழவு இயந்திரம் இல்லை. மேற்குப் பக்கத்துச் சபையிடம் உழவு இயந்திரம் இருக்கிறது, ஆள் இல்லை. கிழக்குப் பக்கத்துச் சபையிடம் ஆளும் இருக்கிறது, ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோவும் இருக்கிறது, அறை இல்லை. மூன்றையும் சேர்த்தால் ஒரு முழுச் சபை தேறும் என்று மூன்று செயலாளர்களும் ஒரு மேசையில் கூடினார்கள்.

கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. அதில் இரண்டரை மணித்தியாலம் ஒரே கேள்வியில் போனது. எந்தச் சபையின் நஞ்சு எவ்வளவு என்று எப்படிப் பிரித்து அறிவது? எங்கள் நஞ்சோடு அயலூர் நஞ்சு கலந்துவிடக் கூடாதாம். இதில் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் கிழக்குச் சபைச் செயலாளர் அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் எங்களுக்கெல்லாம் நா வறண்டுவிடும். கடைசியில் சபைக்கு ஒரு நிறமாகப் பரல்கள், அதாவது பெரிய தகரப் பீப்பாய்கள், என்று முடிவானது. எங்களுக்கு நீலம், மேற்குக்குப் பச்சை, கிழக்குக்கு மஞ்சள்.

பரல்களுக்கு நிறம் பூசியவர் யேசுதாசன் அண்ணை. கிழக்குச் சபைத் தொழிலாளி, குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். முன்னர் வருடக்கணக்காகக் கடலுக்குப் போனவர். மீன் எத்தனை நாள் பழையது என்பதைக் கண்ணால் பார்க்காமல் மூக்காலேயே சொல்லிவிடுவார். மூன்றாவது பரலைப் பூசி முடித்து, தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே சொன்னார்: "நஞ்சுக்கும் ஊர்ப்பற்று வந்திட்டுது மிஸ். இனி அதுக்கு வாக்குரிமை குடுக்கிறதுதான் மிச்சம்."

பேனையைக் கண்டால்

முதல் மாதம் ஒருவர் சைக்கிள் கரியரில் ஒரு கான் கட்டிக்கொண்டு வந்தார். தடை செய்யப்பட்ட களைநாசினி. எனக்கு உள்ளூர ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. இப்படியானவற்றைத்தானே தேடுகிறோம். பதிவேட்டை விரித்து, பேனையைத் திறந்து, "பெயர், ஐயா?" என்றேன். அவர் காலை நிலத்தில் ஊன்றக்கூட இல்லை. வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார். அந்தக் கானை எந்த வேலிக்குள், எந்தக் கிணற்றடிக்குள் எறிந்தாரோ என்று ஒரு கிழமை எனக்குச் சரியான நித்திரை இல்லை.

அடுத்த மாதமே வழக்கத்தை மாற்றினேன். பெயர் இல்லை, முகவரி இல்லை, எண்ணிக்கை மட்டும். சனம் நம்பிக் கொண்டுவரத் தொடங்கியது. வீடு வீடாகக் கொடுத்த துண்டுப்பிரசுரத்தையும் நானேதான் எழுதினேன். "போத்தல்கள் சுத்தமாகவும் கசியாமலும் இருத்தல் வேண்டும்" என்ற வரியை எழுதிவிட்டு, நல்ல தமிழ் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். சேகரிப்பு இடத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் மட்டும் நான் கையில் வைத்திருந்ததை இன்னும் நம்பவில்லை: "அந்தப் பேனையை முதல் உள்ளை வையும் பிள்ளை, பிறகு நான் போத்தலை வெளியிலை எடுக்கிறன்."

யேசுதாசன் அண்ணையின் மூக்கு

அந்தச் சனிக்கிழமை காலை சேகரிப்பு முடிந்து பத்தரை மணிக்குக் களஞ்சிய அறைக்கு வந்து சேர்ந்தோம். பரல்களில் உள்ளதை வகை பிரிக்கும் வேலை. எங்கள் பக்கத்தில் பூச்சிநாசினி எந்தப் போத்தலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நாலு தோட்டக்காரர் சேர்ந்து ஒரு கான் வாங்குவார்கள், கோடியல் சர்பத்துப் போத்தலோ சாராயப் போத்தலோ அகப்பட்டதில் பங்கிட்டுக் கொள்வார்கள். போத்தலில் கோடியலின் பெயர் இருக்கும், உள்ளே வெங்காயப் பூச்சிக்கு அடிக்கிற மருந்து இருக்கும்.

மஞ்சள் பரலிலிருந்து யேசுதாசன் அண்ணை ஒரு சாராயப் போத்தலை எடுத்தார். பளபளவென்று துடைத்த போத்தல். மூடி சரியாக இறுகாமல் கையுறையில் கொஞ்சம் வடிந்தது. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லெண்ணெய்! செக்கிலை ஆட்டினது" என்றார். உழவு இயந்திரச் சாரதி, மத்தியானத்துக்குக் கத்தரிக்காய் பொரிக்கலாம் என்றான். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். எங்களோடு சேர்ந்து சிரித்த யேசுதாசன் அண்ணை சட்டென்று நிறுத்தினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எங்கள் சிரிப்பும் நின்றது. போத்தலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "மிஸ், எண்ணெய் இஞ்சை வந்திட்டுது எண்டால், நஞ்சு எந்த வீட்டுக் குசினியிலை நிக்குது?"

ஒரு கடிதமும் ஒரு தொலைபேசியும்

பதிவேட்டைப் புரட்டினேன். "பூச்சிநாசினி, போத்தல், ஒன்று" என்று வரிசையாக என் கையெழுத்து. ஒரு பெயர் இல்லை. பெயர் எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவளும் நான்தான். கையில் இருந்த துப்பு இரண்டே இரண்டு. ஒன்று, நாங்கள் எள்ளி நகையாடிய அந்த மஞ்சள் நிறம். போத்தல் வந்தது கிழக்குச் சபைப் பகுதியிலிருந்து. மற்றது, அது பரலின் மேற்பக்கத்தில் கிடந்தது. அப்படியென்றால் கடைசியாக நின்ற வைரவர் கோயிலடி. அங்கே பத்துப் பன்னிரண்டு வீட்டுச் சனமாவது வந்திருக்கும்.

யேசுதாசன் அண்ணையை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியில் கிழக்குச் சபை வளவில் ஒலிபெருக்கி ஓட்டோ நின்றது. சாரதியும் நின்றான். ஆனால் செயலாளரின் கடிதம் இல்லாமல் எடுக்க முடியாது என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. சென்ற மாதம் கடிதம் இல்லாமல் ஓடியதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவன். சனிக்கிழமை அந்த அம்மா தொலைபேசி எடுப்பதில்லை என்று பெயர். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் எடுத்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "எந்த நிறப் பரல்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த நேரத்திலுமா நிறம்? "மஞ்சள்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. உடனே பதில் வந்தது: "அப்ப அது எங்கடை சனம். ஓட்டோவை இப்பவே எடும், கடிதத்தைத் திங்கட்கிழமை நான் எழுதுறன்."

முகர்ந்து பார்த்த போத்தல்கள்

வைரவர் கோயிலடியில் ஒலிபெருக்கியைப் பிடித்து நானே கத்தினேன். "இண்டைக்கு எங்களிட்டைப் போத்தல் தந்த ஆக்கள் ஒருத்தரும் வீட்டிலை இருக்கிற எண்ணெயைத் தொடாதேங்கோ! போத்தல் மாறி வந்திட்டுது!" ஒழுங்கை ஒழுங்கையாக இதையே சொன்னோம். திரும்பக் கோயிலடிக்கு வந்து பார்த்தால், பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு எண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறார்கள். நாங்கள் முகர்ந்து சொல்ல வேண்டுமாம்.

நேரம் பதினொன்று இருபது. யேசுதாசன் அண்ணை ஒவ்வொன்றாக முகர்ந்தார். நல்லெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், நல்லெண்ணெய். ஒருவர் தன் எண்ணெயில் என்ன குறை கண்டோம் என்று சண்டைக்கே வந்துவிட்டார். பன்னிரண்டும் முடிந்தது. ஒன்றிலும் நஞ்சு இல்லை. போத்தல் தந்துவிட்டு இங்கே வராத வீடு எது என்று கேட்டேன். பின்வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "மனோன்மணி அக்காவைக் காணேல்லை. உங்களிட்டைப் போத்தலைக் குடுத்த கையோடை மருதனார்மடம் சந்தைக்குப் போட்டா. வீட்டிலை தர்மலிங்கம் அண்ணை தனிய. சனிக்கிழமை எண்டால் அவர் எண்ணெய் வைச்சு முழுகிற நாள்."

கிணற்றடி

வாசலிலேயே காரணம் விளங்கிவிட்டது. கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பி தடதடவென்று ஓடுகிறது. எங்கள் ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தைத் தாண்டி உள்ளே போயிருக்காது. படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். தர்மலிங்கம் அண்ணை துண்டைக் கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லில் இருந்தார். பக்கத்தில் பளபளவென்று இன்னொரு சாராயப் போத்தல். முழங்கால் நோக்காரர் ஆனபடியால் காலில் தொடங்கியிருக்கிறார். இரண்டு காலும் தொடைவரை மினுங்கின. அடுத்ததாகத் தலைக்கு வைக்க ஒரு கை நிறைய ஊற்றி, கையைத் தூக்குகிறார். நாலு முழத் தூரத்தில் எனக்கே அந்த நாற்றம் குப்பென்று அடித்தது.

யேசுதாசன் அண்ணை பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். காலையில் போட்ட கையுறையைக் கழற்ற மறந்திருந்தது எங்கள் நல்ல காலம். நான் பம்பிக் குழாயை இழுத்து அவர்மேல் பிடித்தேன். ஒரு சவர்க்காரம் முழுதாகக் கரைந்தது. கட்டியிருந்த துண்டையும் கழற்றச் சொல்லி, வேறு துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நான் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன், குழாயை மட்டும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் வாயில் எச்சில் ஊறி ஊறித் துப்பினார். நெற்றி வியர்த்துக் கொட்டியது. ஓட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வரைக்கும் சாரதி ஒலிபெருக்கியில் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். அவருடைய தலை என் தோளில் சாய்ந்து கிடந்தது. செத்துவிடாதே செத்துவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு வந்தேன். கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டது இதுதான்: "பிள்ளை, பம்பியை ஆர் நிப்பாட்டினது?"

சிவப்புச் சீலை

நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தலைக்கு வைத்திருந்தால் கதை வேறு என்று வைத்தியர் சொன்னார். மனோன்மணி அக்கா கட்டிலோரம் இருந்து அழுதார். நஞ்சுப் போத்தலின் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புச் சீலைத்துண்டு கட்டியிருந்ததாம். சபைக்கு அழுக்குப் போத்தலைக் கொடுக்க வெட்கப்பட்டு, முதல்நாள் அதை அவிழ்த்தெறிந்து, சாம்பல் போட்டு மினுக்கியிருக்கிறார். அதோடு எண்ணெய்ப் போத்தலையும் மினுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காயவைத்திருக்கிறார். காலையில் சந்தைக்குப் போகிற அவசரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்கள்தானே மிஸ் சுத்தமாக் கொண்டுவரச் சொல்லி எழுதியிருந்தியள்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாவியாகச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அத்தனை நாற்றம் அடித்த சாமானை அவர் எப்படிக் காலில் பூசினார்? தர்மலிங்கம் அண்ணையிடமே கேட்டேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்தடித்து அடித்து நகமெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. "எனக்கு எல்லாத்திலையும் உந்த மணந்தான் பிள்ளை," என்றார். "சோத்திலையும் உதுதான், தலகணியிலையும் உதுதான்."

மூன்று கையெழுத்து

இப்போது துண்டுப்பிரசுரத்தில் வேறு வரி இருக்கிறது: "போத்தலைக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், கட்டியிருப்பதை அவிழ்க்க வேண்டாம்." பெயரும் எழுதுவதில்லை. ஆனால் ஒரே இலக்கத்தில் இரண்டு துண்டு, ஒன்று போத்தலுக்கு, மற்றது கொண்டுவந்தவர் கைக்கு. இதற்கு மூன்று சபைகளும் ஒரே கூட்டத்தில், அரைமணி நேரத்தில் சம்மதித்தன. கிழக்குச் செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

அடுத்த சேகரிப்பு நாளில் தர்மலிங்கம் அண்ணை தானே வந்தார். காலில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. மிச்சம் மீதி மருந்தெல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நானும் கூச்சத்தோடு நின்றேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது கிடக்கட்டும் பிள்ளை, என்ரை எண்ணெய்ப் போத்தல் எங்கை? முழுப் போத்தல், செக்கிலை ஆட்டினது."

ஆபத்தான கழிவு என்று பதிந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதானால் மூன்று செயலாளர்களும் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தம் இருப்பதால், ஒரு தொலைபேசியில் ஒரு மனிதனின் உயிரை மீட்டுக் கொடுத்த எங்கள் மூன்று சபைகளும், அவருடைய நல்லெண்ணெயை மீட்டுக் கொடுக்க ஐந்தாவது மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.