தூபக்காலில் விழுந்த சிலந்தி

பாறையிலயும் பிசின்லயும் என்னைக்கோ செத்துக் கிடக்கிற சிலந்தி, தேள்களை ஆராய்ஞ்சே வயிறு வளர்த்தவன் நான். இந்த ஊவா மாகாணத்தில வேற எவனும் அப்படிச் சொல்லிக்க முடியாது. பெருமையடிக்கிறான்னு நினைச்சா நினைச்சுக்குங்க, அடிக்கத்தான் செய்றேன்.

எல்லாம் எங்க பதுளைக் கடையில ஆரம்பிச்சது. அப்பா பலசரக்கோட குங்கிலியமும் வித்தார். கடல் தாண்டி வர்ற சரக்கு. மண்ணைத் தோண்டி எடுத்த, கல்லா இறுகின பழைய மரப்பிசின். ஒருநாள் ஒரு கட்டியை விளக்குக்கு நேரா பிடிச்சேன். உள்ளே ஒரு சிலந்தி, கழுத்தோட. சிலந்திக்கு ஏதுங்க கழுத்து? உசிரோட அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. படம் வரைஞ்சு, கொழும்புல பூச்சி ஆராயிற ஒரு துரைக்கு அனுப்பினேன். கட்டியை நேர்ல கொண்டு வா, படத்தில இருக்கிறது நிஜம்னா என்கிட்டயே வேலைன்னு பதில் வந்தது.

அப்பாவுக்கு வேப்பங்காயா கசந்தது. "பூச்சி பார்க்கவா உன்னைப் பெத்தேன்? நாளைக்குப் போயிட்டு வா. வேலை இல்லைன்னா கல்லாவில உட்காரணும்," என்றார். சரின்னுட்டேன்.

கட்டியைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கி, கடையில சாமி படத்துக்குக் கீழே வச்சேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு என் கணக்கு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பொழுது சாய அப்பா தூபம் போட வந்தார். எங்க கடையில சாமி முன்னால வச்ச குங்கிலியம் சாமிக்குத்தான். எடுத்துத் தூபக்கால் தணல்ல போட்டுட்டார்.

நான் வாசல்ல லுணுகலைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்கு அரிசி அளந்துகிட்டிருந்தேன். வாசம் வந்து திரும்பினேன். தணல்ல கிடக்கிறது என் கட்டி. சாமிக்குப் போட்ட பூவைக்கூட அப்பா திரும்ப எடுக்க மாட்டார். அவர்கிட்ட என்னத்தைக் கேக்கிறது?

தணல் வெளிச்சத்தில கட்டி உள்ளே வரைக்கும் தெரிஞ்சிருக்கு. அப்பா குனிஞ்சார். வெறுங்கையால அதை எடுத்து வேட்டியில போட்டு அமுக்கினார். ரெண்டு விரல்ல கொப்புளம் வந்துடுச்சு.

"ஒரு பக்கம்தான் உருகியிருக்கு. கழுத்து அப்படியே இருக்குடா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வண்டியைப் பிடி."

பண்டாரவளை வரைக்கும் மாட்டு வண்டி, அப்புறம் ரயில். வேலை கிடைச்சது. அந்தச் சிலந்தியைப் பத்தி நான் எழுதினதைத்தான் சீமையிலயும் படிக்கிறாங்க.

மறுவருஷம் லீவுல வந்தேன். அதே கங்காணி, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் குங்கிலியம் கேட்டு நிக்கிறார். அப்பா ஒவ்வொரு கட்டியா விளக்குக்கு நேரா தூக்கிப் பார்த்துகிட்டிருந்தார்.

"என்னங்க முதலாளி, நேரமாகுது," என்றார் கங்காணி.

"பொறுங்க. உள்ளே எவனாச்சும் இருந்தா என் மகனுக்கு வேணும்."